தனி வீட்டுத் தெருவில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனி வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. அதில் ஒரு பழைய வீடு இடிபட்டு, அந்த மனையில் 4 வீடோ 8 வீடோ கொண்ட அப்பார்ட்மென்ட் வரப்போகிறது. மனைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், படம் போடும் இளம் ஆர்க்கிடெக்ட் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். கட்டட விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், எந்த விதியின் கீழும் செல்லுபடியாகிற விஷயங்களையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

அப்பார்ட்மென்ட்னா அப்பார்ட்மென்ட்தானே, இதுல 'சின்னது'ன்னு தனியா என்ன இருக்கு?

காலி நிலத்தில் கட்டும் பெரிய குடியிருப்பு தனக்கான தெரு, தோட்டம், வாசல் எல்லாவற்றையும் தானே அமைத்துக்கொள்ளலாம். நிரம்பிய தெருவின் நடுவே வரும் கட்டடத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரு பக்கமும் வீடு, பின்னால் இன்னொருவர் கொல்லை, முன்னால் எல்லோருக்கும் பொதுவான தெரு. பெரும்பாலும் 3 முதல் 12 வீடுகள், 2 முதல் 4 தளங்கள். ஒரு மனையில் அடங்கிவிடும், மிஞ்சினால் இரண்டு.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. பாஸ்டனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1920கள் வரை, தளத்துக்கு ஒரு குடும்பம் வசிக்கும் மூன்றடுக்கு மரவீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. மான்ட்ரியலில் அதே காலத்தில் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே, முன்புறத்தில் தொங்கவிட்ட இரண்டு மூன்று அடுக்கு வீடுகள் தெருத் தெருவாக வந்தன. அப்புறம் வட அமெரிக்காவில் 'இங்கே தனி வீடு மட்டும்' என்று மண்டலம் பிரித்ததில் இந்த வகையே கட்ட முடியாமல் போயிற்று. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் டேனியல் பரோலெக் 2010இல் இவற்றைக் 'காணாமல்போன நடு வகை' என்று அழைத்தார், அதாவது தனி வீட்டுக்கும் பெரிய அடுக்குமாடிக்கும் நடுவில் நிற்பவை. 2019இல் ஓரிகன் மாநிலம் 25,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் இவற்றை மறுபடி அனுமதிக்கச் சட்டம் இயற்றியது.

எத்தனை மாடி வரைக்கும் போனா தெருவுக்குப் பொருந்தும்?

முதலில் கேட்கப்படுவது எப்போதும் இதுதான், ஆனால் மாடிக் கணக்கு மட்டும் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். பக்கத்து வீடுகளைவிட ஒரு தளம் கூடுதல் என்பது அநேகமாக எந்தத் தெருவிலும் உறுத்தாது. இரண்டு கூடுதலானால் மேல்தளத்தை யோசித்துச் செய்ய வேண்டும். அதற்கு மேல் என்றால் தெருவின் அகலத்தைப் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைவிடக் கட்டடம் உயரமாகிவிட்டால், நடந்து போகிறவருக்குக் கிணற்றுக்குள் இருப்பதுபோல் தோன்ற ஆரம்பிக்கும்.

'மூன்று மாடி' என்று சொல்லும்போது நிஜ உயரம் என்ன என்று கேளுங்கள். தளத்துக்கு 3 மீட்டர் வைத்தால் மூன்று தளத்துக்கு 9. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர். படிக்கட்டு மாடிக்கு ஏறுவதற்கான அறை 2.5 மீட்டர். லிஃப்ட் இருந்தால், கடைசியாக நிற்கும் தளத்துக்கு மேலே இன்னும் ஏறக்குறைய 4 மீட்டர் கூடு தேவைப்படும். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. வரைபடத்தில் 9 மீட்டர் என்று எழுதிய கட்டடம் தெருவிலிருந்து 13 மீட்டராகத் தெரிவது இப்படித்தான். இந்தத் தலைப்பாரத்தை மனையின் நடுவுக்கோ பின்பக்கத்துக்கோ தள்ளினாலே பாதி உறுத்தல் போய்விடும்.

உயரத்தை விட அகலம்தான் கவனிக்கணும்னு ஏன் எல்லாரும் சொல்றாங்க?

தெருவில் நடக்கிறவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பதில்லை. அவர் கண்ணில் படுவது வீடு, இடைவெளி, வீடு, இடைவெளி என்று வரும் தாளம். 8 மீட்டர் அகல வீடுகள் வரிசையில் 20 மீட்டர் அகலச் சுவர் ஒன்று வந்தால், அது இரண்டே மாடி என்றாலும் தாளம் அறுந்துவிடும். 8 மீட்டர் அகலத்தில் மூன்று மாடி வந்தால் அதே தெரு அதைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும்.

அதனால் கட்டடத்தின் குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கட்டும், நீளம் மனைக்குள் போகட்டும். எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அது பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பற்றிய கேள்வியில் வருகிறது. இரண்டு மனைகளைச் சேர்த்துக் கட்டும்போது சிக்கல் பெரிது. முகப்பில் இரண்டு நிறம் அடித்துவிட்டு 'இரண்டாகப் பிரித்துவிட்டோம்' என்பார்கள். கண் ஏமாறாது. பழைய மனை எல்லை இருந்த இடத்தில் 2 அல்லது 3 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் நிஜமாகவே உள்ளே போக வேண்டும், அங்கே கூரைக் கோடும் அறுபட வேண்டும். படிக்கட்டை அந்தப் பள்ளத்தில் வைத்தால் இடமும் வீணாகாது.

வேலை தொடங்கும் முன்னாடி தெருவில் எதையெல்லாம் அளக்கணும்?

மனைக்கு இரு பக்கமும் ஐந்து ஐந்து வீடுகள், எதிர்ச் சாரியிலும் அதே அளவு. ஒவ்வொன்றிலும் முன்சுவர் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முதல் தளத்தின் மேல்கோடு எங்கே போகிறது, கேட்டின் அகலம், காம்பவுண்டுச் சுவரின் உயரம், ஜன்னல்கள் நின்றவாக்கா படுத்தவாக்கா, மரம் எங்கே. இவற்றை ஒரே நீளத் தாளில் தெரு முகப்பாக வரைந்து, நடுவில் உங்கள் மனையை வெற்றிடமாக விடுங்கள். ஒரு நாள் வேலைதான். இந்தத் தாள் இல்லாமல் 'சுற்றுப்புறத்துக்கு ஏற்ற வடிவமைப்பு' என்று யார் பேசினாலும் நான் நம்புவதில்லை.

மேல் மாடியை மட்டும் பின்னுக்குத் தள்ளிட்டா தெருவுக்குத் தெரியாதில்ல?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எதிர் நடைபாதையில் ஒருவர் நிற்கிறார், முகப்பிலிருந்து 12 மீட்டர் தள்ளி, கண் உயரம் 1.6 மீட்டர். முன்சுவர் 9 மீட்டர் உயரம். அதற்கு மேல் 3 மீட்டர் உயரத் தளம் ஒன்று அவர் கண்ணுக்குப் படவே கூடாது என்றால், அது சுவரிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உள்ளே போக வேண்டும். வழக்கமாகத் தள்ளுவது 1.5 மீட்டர். அதில் ஒன்றும் மறையாது.

அதற்காக 1.5 மீட்டர் வீண் என்று சொல்ல மாட்டேன். முன்சுவர் 9 மீட்டரில் முடிவதாகக் கண் எடுத்துக்கொள்ளும், மேல்தளம் பின்னணியாகிவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேல்தளத்துச் சுவருக்குக் கீழே தூண் இருக்காது, பீம் தாங்க வேண்டும். கீழ் வீட்டுப் படுக்கையறைக்கு மேல் திறந்த மாடி வரும், மழைக்காலத்தில் ஒழுகும் முதல் இடம் அதுதான். மேல்தளத்தைச் சரிவான கூரைக்குள் அடக்குவது, தெருவில் சரிவுக் கூரைகள் இருந்தால், இதைவிட நல்ல வழி.

எங்க வீட்டுக்கு வர்ற வெளிச்சம், வெயில் எல்லாம் போயிடாதா?

வெளிச்சம் வேறு, வெயில் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பிரிட்டனில் பின்பற்றும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் கீழ்த்தள ஜன்னலின் நடுவிலிருந்து எதிரே வரும் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். கிடைமட்டத்திலிருந்து அந்தக் கோணம் 25 பாகைக்குள் இருந்தால் பெரிய பாதிப்பு இருக்காது. 9 மீட்டர் கட்டடத்துக்கு இது ஏறக்குறைய 16 மீட்டர் தூரம். தெருவுக்கு எதிர்ப்பக்கமோ கொல்லைக்குப் பின்பக்கமோ என்றால் கிடைத்துவிடும். 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் பக்கத்துச் சுவருக்கு இது ஒருநாளும் கிடைக்காது. அங்கே கேட்க வேண்டியது, அந்தப் பக்கம் இருக்கும் ஜன்னல் எந்த அறைக்கானது என்பது. குளியலறை என்றால் பரவாயில்லை. ஒரு படுக்கையறைக்கு அதுதான் ஒரே ஜன்னல் என்றால், அந்த இடத்தில் புதுக் கட்டடம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

வெயில் பூமியில் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டிசம்பர் 21 நண்பகலில் வட அட்சரேகை 40 பாகையில் 9 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 18 மீட்டர் நீளும். அண்டை வீட்டுத் தோட்டமே இருட்டாகிவிடும். 10 பாகையில் அதே நாள், அதே கட்டடத்துக்கு 6 மீட்டர்தான். ஜப்பானில் வடக்கு எல்லையை ஒட்டிக் கட்டடங்கள் சரிவாக வெட்டப்பட்டிருப்பது இந்த நிழலைக் குறைப்பதற்கான விதியால்தான். வெப்ப மண்டலத்தில் மேற்கு வெயிலைப் பக்கத்துக் கட்டடம் மறைத்தால் அது உபகாரம். அங்கே பறிபோவது காற்று. காற்று வரும் திசையில் கட்டடத்தை எல்லை முதல் எல்லை வரை சுவராக நிறுத்தாமல் இருப்பதுதான் அங்கே அண்டை வீட்டாருக்குச் செய்யும் பெரிய உதவி.

மாடியிலிருந்து பார்த்தா எங்க கொல்லைப்புறம் மொத்தமும் தெரியுமே?

எதிர்ப்புகளில் நான் மிக நியாயமானதாக நினைப்பது இது. உயரம் பழகிவிடும், கண்காணிக்கப்படுகிற உணர்வு பழகாது. தீர்வின் முக்கால் பங்கு கட்டடம் மனைக்குள் எவ்வளவு நீளுகிறது என்பதில் இருக்கிறது. பக்கத்து வீடுகளின் பின்சுவர் எங்கே முடிகிறதோ, புதுக் கட்டடத்தின் மாடிகளும் அதையொட்டி முடியட்டும். கீழ்த்தளம் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளலாம். எல்லோருடைய கொல்லையும் சந்திக்கும் நடுப்பகுதிக்குள் மூன்று மாடிச் சுவர் ஒன்று நுழைந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த ஜன்னல் வித்தையும் உதவாது.

மிச்சம் கால் பங்குதான் ஜன்னல்கள். கூடமும் பால்கனியும் தெருவையோ தங்கள் பின் தோட்டத்தையோ பார்க்கட்டும். பக்கவாட்டில் படிக்கட்டு, குளியலறை, அலமாரிச் சுவர். பக்கத்தில் ஜன்னல் வேண்டியிருந்தால் எதிர் ஜன்னலுக்கு நேராக வராமல் நகர்த்துங்கள், அல்லது ஜன்னலின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு ஏற்றுங்கள். வெளிச்சம் வரும், பார்வை போகாது. எல்லா ஜன்னலுக்கும் மங்கல் கண்ணாடி போட்டுவிடுகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை. உள்ளே குடிவருபவர் ஒரு வருடத்தில் அதை மாற்றிவிடுவார், அவர் செய்வதும் நியாயம்தான்.

நடுவில் டக்ட்னு மேல திறந்த ஒரு சின்னப் பொந்து விட்டா உள்ளறைகளுக்கு வெளிச்சம் கிடைச்சிடுமே, எதுக்குக் கட்டடத்தைச் சுருக்கணும்?

இதைச் செய்து பார்த்து வரலாறு கெட்டபெயர் வாங்கியாயிற்று. 1853ஆம் ஆண்டு பெர்லின் கட்டட விதி, முற்றம் குறைந்தது 5.34 மீட்டர் சதுரமாக இருக்க வேண்டும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்புவதற்குத் தேவையான அளவு அது. வெளிச்சத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, ஐந்து மாடிக் கட்டடங்களின் உள்வீடுகள் இருட்டிலேயே கிடந்தன. நியூயார்க்கில் 1879ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இரு கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான காற்றுப்பொந்து விட்ட வீடுகள் பெருகின. அந்தப் பொந்துகள் குப்பை கொட்டும் இடமாயின, தீப்பிடித்தால் புகைபோக்கியாயின. 1901ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

குளியலறைக் குழாய்களுக்கும் காற்றுக்கும் டக்ட் சரி. மனிதர் படுத்துறங்கும் அறைக்கு அது போதாது. ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் அறைக்குள் பயனுள்ள வெளிச்சம் போகும். மேல்விளிம்பு 2.1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 5 மீட்டர். ஒரு படிக்கட்டுக்குத் தளத்துக்கு இரண்டு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் ஜன்னல் என்று வைத்தால் டக்ட் பேச்சே எழாது. மேலே சொன்ன பாஸ்டன், மான்ட்ரியல் வீடுகள் முன்னும் பின்னும் திறந்தவை.

தரைத்தளம் முழுக்கத் தூண் நிறுத்திப் பார்க்கிங் விட்டுட்டா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே கட்டறாங்க?

இரண்டு தப்பு. ஒன்று கண்ணுக்கு, மற்றது உயிருக்கு.

கண்ணுக்கு: வாசல், ஜன்னல், திண்ணை, செடி என்று ஆள் நடமாட்டம் தெரியும் தெருவில் திடீரென்று ஒரு இருட்டுக் குகையும் கார்களின் பின்பக்கமும். மேலே எவ்வளவு அழகாக இழைத்திருந்தாலும் நடப்பவரின் கண் மட்டத்தில் அந்தக் கட்டடம் ஒரு ஷெட்தான். அதோடு எல்லா வீடும் ஒரு தளம் மேலே போய்விடுகிறது. உயரக் கேள்வியில் பார்த்த கணக்கில் இன்னொரு 3 மீட்டர் சேர்கிறது, வீடு எதுவும் கூடாமலே.

உயிருக்கு: மேல்தளங்களில் சுவர்கள் இருப்பதால் விறைப்பு, கீழே தூண்கள் மட்டும் இருப்பதால் தளர்வு. நிலம் ஆடினால் வளைவெல்லாம் அந்த ஒரு தளத்தில் குவியும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இப்படிக் கீழே கார் நிறுத்தம் கொண்ட மூன்று மாடி அப்பார்ட்மென்ட் ஒன்று சரிந்து 16 பேர் இறந்தார்கள். 2015இல் அந்த நகரம் இந்த வகைப் பழைய கட்டடங்களை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகள் பலவும் தரைத்தளம் திறந்தவை. தூண் மீது நிற்கும் தளம் தவிர்க்க முடியாததென்றால், அடி முதல் உச்சி வரை செல்லும் கான்கிரீட் சுவர்கள் இரு திசையிலும் வேண்டும். இது கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட வேண்டிய விஷயம். செங்கல் சுவரை நடுவில் வைத்து ஒப்பேற்ற முடியாது.

அப்போ கார்களை எங்கேதான் நிறுத்தறது?

சின்ன மனையில் வீடுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கார்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர். திருப்பி எடுக்க 6 மீட்டர் பாதை. 15 மீட்டர் அகல மனையில் இருபுறமும் கார், நடுவில் பாதை என்றால் 16 மீட்டர் வேண்டும். சுற்றி விட வேண்டிய இடத்தைக் கழிப்பதற்கு முன்பே இடிக்கிறது. ஒருபுறம் மட்டும் என்றால் 11 மீட்டர். பாதையின் பங்கையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய ஓரறை வீட்டின் பரப்பு.

எனக்குப் பிடித்த வழி: ஒரு பக்க எல்லையை ஒட்டி 3 மீட்டர் பாதை, பின்னால் 4 அல்லது 5 கார், தெருப் பக்கம் முழுக்க வீடு. முகப்பில் கேட் ஒன்றே ஒன்று, 3 மீட்டருக்கு மிகாமல். முகப்பு நெடுக ஷட்டர் வைத்தால் நடைபாதையும் உடைபடும், தெருவில் மற்றவர் நிறுத்தும் இடமும் போகும். விதி இத்தனை கார் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வேறு வழியில்லை. ஆனால் விதிகளும் மாறுகின்றன: அமெரிக்காவின் பஃபலோ 2017இல் குறைந்தபட்சக் கார் நிறுத்த விதியை எடுத்துவிட்டது, நியூசிலாந்து 2020இல் நகரங்களுக்கு அதே முடிவை எடுத்தது.

கீழ் வீட்டுல இருக்கறவங்களுக்கு வழியில போறவங்க எல்லாம் எட்டிப் பார்க்கற மாதிரி இருக்காதா?

இருக்கும், தரை தெரு மட்டத்திலேயே இருந்தால். 60 முதல் 90 சென்டிமீட்டர் உயர்த்தினால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் வெளியே நடப்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும், எட்டிப் பார்க்கும் உணர்வு போகும். பழைய வீடுகள் பலவற்றுக்கு இந்த உயரம் ஏற்கெனவே இருக்கும், அளவெடுத்த தாளில் பாருங்கள்.

சிக்கல், சக்கர நாற்காலி. 1க்கு 12 என்ற சரிவில் 60 சென்டிமீட்டர் ஏற 7.2 மீட்டர் சாய்தளம் வேண்டும். அதை முகப்பில் மடித்து மடித்துப் போட்டால் வீட்டு வாசல் ஆஸ்பத்திரி வாசலாகிவிடும். பக்கவாட்டு நடையில் நீளமாக ஏற்றிக்கொண்டு போய், கட்டடத்தின் நடுவில் லிஃப்ட் வாசலில் சேர்த்தால் யாருக்கும் அது சாய்தளமாகவே தோன்றாது. பொது வாசல் மட்டும் தெருவிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். கீழ் வீட்டுக்குத் தனி வாசலே தெருவைப் பார்த்து வைக்க முடிந்தால், இந்தப் பக்கத்தில் சொன்ன எதையும்விட அது தெருவோடு ஒட்டும்.

இரண்டு படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரம்னு வச்சா வீட்டுக்கு இடமே மிஞ்சலையே?

இந்த அளவு கட்டடத்தின் உண்மையான எதிரி இது. இரண்டு படிக்கட்டு என்றால் நடுவில் தாழ்வாரம், தாழ்வாரம் என்றால் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள வீடுகள், அவை லாபம் தர வேண்டுமென்றால் பெரிய மனை. விதி ஒன்று கட்டடத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் பொது மாதிரி விதி, ஒற்றைப் படிக்கட்டுக் குடியிருப்புகளை 3 தளங்களோடு நிறுத்துகிறது. சியாட்டில் நகரம் தளத்துக்கு 4 வீட்டுக்கு மிகாமல், தீப்பிடித்தால் நீர் தெளிக்கும் கருவி போன்ற கூடுதல் பாதுகாப்புகளோடு, 6 தளம் வரை விடுகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்னும் அதிகம்.

உங்கள் ஊர் விதி ஒற்றைப் படிக்கட்டை அனுமதிக்கும் எல்லைக்குள் கட்டடத்தை வைத்திருப்பதே புத்திசாலித்தனம். அதற்காக ஒரு தளத்தைத் தியாகம் செய்தாலும் நஷ்டமில்லை. ஆனால் தீயணைப்பில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

பழைய வீடுகள் மாதிரியே டிசைன் பண்ணணுமா? இல்ல மாடர்னா போகலாமா?

எது வேண்டுமானாலும் போகலாம். இதைப் பத்துக் கேள்விகளுக்குப் பின்னால் வைத்ததற்குக் காரணமே, இது பலரும் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை என்பதுதான். அகலம், தரைமட்டம், கூரைக் கோடு, வாசல் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் தட்டையான வெள்ளைச் சுவரும் பொருந்தும். அவை தவறினால் எந்தத் தூணும் வளைவும் காப்பாற்றாது.

இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன். ஜன்னல் கண்ணாடியைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 10 சென்டிமீட்டராவது உள்ளே வையுங்கள். அந்த நிழல்தான் பழைய வீடுகளின் சுவருக்குக் கனம் தருவது. அப்புறம், முகப்பில் இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். கல் பதித்தது, மரம்போல் ஒட்டியது, உலோகத் தகடு, இரண்டு நிறப் பூச்சு என்று ஒரே முகப்பில் ஐந்தைக் காட்டும் கட்டடங்களைப் பார்த்தால், உள்ளே யாருக்கோ தன்மேல் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தோன்றும்.

சட்டப்படி விட வேண்டிய இடமெல்லாம் விட்டிருக்கோம். அப்புறமும் ஏன் துருத்திக்கிட்டு நிக்குது?

ஏனென்றால் விதி சொன்ன குறைந்தபட்சத்தையே நீங்கள் வடிவமாக எடுத்துக்கொண்டீர்கள். 1916இல் நியூயார்க் மேல்தளங்கள் பின்வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும், அந்த விதியின் கோட்டை அப்படியே நிரப்பிப் படிப்படியாக ஏறும் கட்டடங்கள் நகரமெங்கும் எழுந்தன. விதியே சிற்பியாகிவிட்டது. சின்ன மனையிலும் அதே கதைதான்: எல்லாப் பக்கமும் குறைந்தபட்சத்தை விட்டுவிட்டு நடுவில் மிஞ்சியதை நிரப்பினால் வருவது பெட்டி.

விதி முன்னால் 3 மீட்டர் கேட்கிறது, ஆனால் தெருவில் எல்லோரும் 5 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள் என்றால் 5 மீட்டர்தான் உங்கள் கோடு. எதிர்மாறாகவும் நடக்கும். பழைய வீடுகள் தெருவை ஒட்டி நிற்க, புது விதி 4 மீட்டர் கேட்கும். புதுக் கட்டடம் பல் விழுந்த இடம்போல் பின்னால் நிற்கும். அப்போது இரு பக்கத்து வீடுகளின் சராசரிக்குத் தளர்வு கேட்டு விண்ணப்பிப்பது நல்லது. அளவெடுத்த அந்தத் தாள் அங்கே சாட்சி சொல்லும்.

நீங்க தோண்டும்போது எங்க வீட்டுச் சுவர் விரிசல் விட்டா?

வேலை தொடங்கும் முன் பக்கத்து வீடுகளின் உள்ளும் புறமும் போட்டோ எடுத்து, இருக்கும் விரிசல்களைத் தேதியோடு குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

தோண்டும்போது பார்க்க வேண்டியது: பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு கோடு. உங்கள் குழி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து மண்டலத்துக்குள் வந்துவிட்டீர்கள். அதற்கு முன்பே தாங்குசுவர் வேண்டும், குழியைத் துண்டு துண்டாகத் திறந்து மூட வேண்டும். நிலத்தடி நீரை இறைத்தால் மண் அமுங்கும் வாய்ப்பும் உண்டு. சின்ன மனையில் நிலவறைப் பார்க்கிங் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இவ்வளவும் காரணம். காரை இறக்கும் சரிவுப்பாதையே பாதி மனையைத் தின்றுவிடும் என்பது தனிக் கதை.

முன்னாடி இருக்கற பெரிய மரத்தை வச்சுக்கிட்டே கட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். 40 சென்டிமீட்டர் மரத்துக்கு 4.8 மீட்டர். அந்த ஆரத்துக்குள் தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, லாரி நிற்கக் கூடாது. பெரும்பாலான மரங்கள் வெட்டப்பட்டுச் சாவதில்லை, சிமென்ட் மூட்டையும் ஜல்லியும் வேர் மேல் அடுக்கப்பட்டு இரண்டு வருடம் கழித்துச் சாகின்றன. முதல் நாளே வேலி போடுங்கள். மூன்று மாடிக் கட்டடத்தை ஒரு நல்ல மரத்தைப்போல் தெருவோடு சேர்த்துவைக்கும் பொருள் வேறு கிடையாது.

ஏசி பெட்டி, குப்பைத் தொட்டி, மீட்டர் போர்டு இதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாமா?

கடைசியில் பார்த்தால் அவை கடைசியில் மிஞ்சிய இடத்துக்குப் போகும். அது எப்போதும் முகப்புதான். 8 வீட்டுக்கு 8 மின்சார மீட்டர், குறைந்தது 8 ஏசி வெளிப்பெட்டி, நாலைந்து பெரிய குப்பைத் தொட்டி, பைக்குகள், கூரியர் பெட்டிகள். முதல் வரைபடத்திலேயே இடம் குறித்துவிடுங்கள். ஏசி பெட்டி பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு எதிரே வேண்டாம், சத்தம் உங்களுக்குக் கேட்காது, அவருக்குக் கேட்கும்.

ஒண்ணை விட்டா வரிசையா எல்லாம் வந்துடும். அப்புறம் தெருவே மாறிடாதா?

மாறும். மாறாது என்று சொல்பவர் பொய் சொல்கிறார். எப்படி மாறும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. நான் வைக்கும் சோதனை இது: இதே கட்டடத்தை இந்தத் தெருவின் பத்து மனையிலும் வரைந்து பாருங்கள். பக்கத்துக் காலி மனையின் வெளிச்சத்தைக் கடன் வாங்கி நிற்கும் கட்டடம் இதில் உடனே தோற்கும், ஏனென்றால் அந்த மனையிலும் இதே கட்டடம் வந்ததும் இரண்டுக்கும் வெளிச்சம் போய்விடும். தரைத்தளத்தில் காரை வைத்த கட்டடமும் தோற்கும். தெரு முழுக்க ஷட்டர் ஆகிவிடும். கொல்லைக்குள் நீளாமல், ஒற்றைக் கேட்டோடு, முன்னும் பின்னும் ஜன்னல் வைத்தது பத்து முறை வந்தாலும் தெரு தெருவாகவே இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மனை, மூன்று மனை என்று சேர்த்துச் சேர்த்து வாங்க ஆரம்பித்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. அதைத் தடுக்க முகப்பு அகலத்துக்கு உச்சவரம்பு வேண்டும், மாடி எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதாது. அந்த வரம்பைத் தனி ஒரு ஆர்க்கிடெக்ட் போட முடியாது. தெருக்காரர்கள் நகராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டியது.

அக்கம்பக்கத்தாரிடம் படத்தை எப்போ காட்டணும்? காட்டினாலே சண்டைதானே?

இரண்டு முறை. முதல் முறை, எதுவும் வரைவதற்கு முன், தெருவை அளந்த தாளோடு. எந்த ஜன்னல் எந்த அறைக்கு, மழைநீர் எங்கே தேங்கும், எந்த நேரத்தில் தெருவில் வண்டி நெரிசல் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் முறை, வடிவம் முடிவாகி விவரங்கள் முடிவாகாத கட்டத்தில். எல்லாம் முடிந்தபின் காட்டுவது கருத்துக் கேட்பது ஆகாது, அறிவிப்பு.

எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீடுகளின் எண்ணிக்கை மாறாது என்றால் மாறாது என்று சொல்லுங்கள். ஜன்னல், மதில் உயரம், கேட் இருக்கும் பக்கம், ஏசி பெட்டி, வேலை நேரம் ஆகியவற்றைப் பேசலாம். வண்ணப் படம் காட்டுவதானால் வானத்திலிருந்து பார்க்கும் அழகுப் படம் வேண்டாம். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல், எதிர் வீட்டு வாசல், பின் வீட்டுக் கொல்லை ஆகிய மூன்று இடங்களிலிருந்து எப்படித் தெரியும் என்று வரைந்து, அந்தந்த வீட்டாரிடமே முதலில் கொடுங்கள்.